அருவி முன்னால் நாலு நிமிட இன்டர்நெட்

கப்பல் வேலைக்குக் கிளம்புகிற நம் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் வந்ததும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அக்கா, கப்பல்ல வைஃபை நல்லா கெடைக்குமா?" சம்பளம் இரண்டாவது, சாப்பாடு மூன்றாவது. நான் சிரித்துக்கொள்வேன். ஏனென்றால் அதே கேள்விக்கு இருபத்திரண்டு வருஷம் பதில் சொல்லித்தான் நான் என் சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.

உல்லாசக் கப்பலில் இன்டர்நெட் மேசை என்று ஒன்று இருக்கும். பயணிகளுக்கு இணைய அட்டை விற்பது, வேலை செய்யவில்லை என்றால் திட்டு வாங்குவது, இரண்டும் அந்த மேசையின் கடமை. எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் கரும்பு போட்டுப் பிழைத்த வீட்டிலிருந்து போய் அந்த மேசையில் உட்கார்ந்தவள் நான். ஓய்வு பெற்றுக் கள்ளக்குறிச்சியில் கட்டிய வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்கள் புதிதாக அதே மேசைக்குப் போகிறீர்கள் என்பதால் இதை எழுதுகிறேன். எந்த ஒயரை எங்கே செருகுவது என்பதெல்லாம் இதில் வராது. அதை உங்களுக்குக் கப்பலிலேயே சொல்லிக் கொடுப்பார்கள். சொல்லிக் கொடுக்காத சங்கதிகளை மட்டும் சொல்கிறேன்.

இன்றைக்குத் தாழ்வாகப் பறக்கிற செயற்கைக்கோள்கள் வந்துவிட்டன. நடுக்கடலில் படமே பார்க்கிறார்கள். என் காலத்தில் அப்படி இல்லை. ஒரே ஒரு செயற்கைக்கோள், அதைப் பார்த்துக்கொண்டு கப்பல் உச்சியில் ஒரு டிஷ், கீழே மூவாயிரம் பேர். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்களே, அந்தச் சோளப்பொரியை நான் பொட்டலம் கட்டித் தங்க விலைக்கு விற்றேன். கள்ளக்குறிச்சியில் ஒரு மாதத்துக்கு ரீசார்ஜ் போடுகிற காசுக்கு அங்கே அரை மணி நேரம்கூட வராது. கப்பலில் வேலை செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் மலிவு அட்டை உண்டு. மலிவு என்றால் வயிற்றெரிச்சல் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்.

ஆரம்ப வருஷங்களில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைத் தலை அம்மாள் ஒருவர் வந்து, தங்கைக்கு உடம்பு சரியில்லை, தினமும் பேச வேண்டும், எது நல்ல அட்டை என்று கேட்டார். இருப்பதிலேயே விலை உயர்ந்ததை எடுத்துக் கொடுத்தேன். கப்பல் அடுத்த இரண்டு நாளும் வடக்கே மலைகளுக்கு நடுவில் போகப் போகிறது, அங்கே சிக்னல் வராது என்பது எனக்கு அரைகுறையாகத் தெரியும். சொன்னால் வாங்காமல் போய்விடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் அந்த அம்மாள் வந்தார். சத்தம் போடவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. "இது எப்போது வேலை செய்யாது என்று முதலிலேயே சொல்லியிருந்தால், வேலை செய்யும்போதே அவளோடு பேசி முடித்திருப்பேனே" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அந்தக் குற்ற உணர்வோடு விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். என் அக்கா அப்போது கல்வராயன் மலைமேல் நர்ஸாக இருந்தாள். அவளைப் பார்க்கக் கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஒரு வளைவுக்கு முன்னால் கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸை ஓரம் கட்டச் சொன்னார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"பேசறவங்க எல்லாம் இப்பவே பேசி முடிச்சிக்கங்க. இந்த வளைவு திரும்பிட்டா டவர் கெடையாது. அப்பறம் என்னைக் கேக்கக் கூடாது."

உடனே பஸ் முழுக்க ஒரே கூச்சல். "கெளம்பிட்டேன்", "மாட்டுக்குத் தண்ணி காட்டு", "உரம் ரெண்டு மூட்டை", எல்லாம் ஒரே நேரத்தில். எத்தனை பேர் பேசினால் அந்த ஒற்றை டவர் தாங்கும்? பின் சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த பெண்ணுக்கு லைனே கிடைக்கவில்லை. மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். கண்டக்டர் மறுபடி விசில் ஊதினார்.

"அல்லாரும் போனை வைங்க. உரம் எங்கியும் ஓடிப் போவாது. மொதல்ல அந்தப் பொண்ணு பேசட்டும்."

வைத்துவிட்டார்கள்! ஒரு முணுமுணுப்பு இல்லை. அவள் பேசி முடித்த பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். பஸ் கிளம்பியது. பக்கத்தில் இருந்தவரைக் கேட்டால், "தெனமும் இப்படித்தாம்மா" என்றார். இணையச் சேவை பற்றி எனக்குக் கம்பெனி மூன்று முறை பயிற்சி கொடுத்திருக்கிறது, குளிர்சாதன அறையில் வைத்து. அந்த மூன்றும் அந்த விசிலுக்கு ஈடாகாது.

கப்பலுக்குத் திரும்பியதும் மேசைக்கு முன்னால் ஒரு பலகை மாட்டினேன். இன்றைக்கு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இன்டர்நெட் இருக்காது என்று தினமும் காலையில் சாக்பீஸால் எழுதுவேன். இல்லாததை விளம்பரம் செய்கிற ஒரே கடை இதுதான் என்று கப்பலில் கேலி செய்தார்கள். ஆனால் விற்பனை குறையவில்லை, கூடியது. ஜனங்களுக்கு ஏமாற்றம் பிடிக்காது, காத்திருப்பது பரவாயில்லை. பலகைக்காக ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொண்டேன். எந்த மலை இடுக்கில் எத்தனை மணிக்குச் சிக்னல் போனது, எங்கே வந்தது, எத்தனை நிமிடம் நின்றது, எல்லாம் அதில் இருக்கும்.

இனி கோவிந்தன் சங்கதி.

கோவிந்தன் எங்கள் கப்பலின் சலவை அறையில் வேலை பார்த்தவர். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு சின்ன ஊர்க்காரர். கப்பலில் நம் மாவட்டத்து ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவருடைய மகள் பவித்ரா பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்து, கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். மாட்டு டாக்டர் ஆக வேண்டும் என்பது அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். மலையில் ஒரு கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் என்றால்கூட டாக்டரைத் தேடிக் கீழே வர வேண்டும்.

வடக்கே நார்வே பக்கம் போய்க்கொண்டிருந்தோம். அங்கே கடல் மலைகளுக்கு நடுவில் நெடுந்தூரம் உள்ளே போகும். இரண்டு பக்கமும் செங்குத்தாக மலை. செயற்கைக்கோளோ தெற்கே தொடுவானத்தை ஒட்டித் தாழ்ந்து நிற்கும். மலை மறைத்துவிட்டால் டிஷ் குருடு. அன்றைக்குப் பலகையில், காலை ஒன்பது முதல் பிற்பகல் இரண்டு வரை இன்டர்நெட் கிடையாது என்று எழுதியிருந்தேன். ஒன்பது மணிக்குச் சரியாக லைன் போனது. இரண்டாவது நிமிடம் கோவிந்தன் சலவைச் சீருடையோடு என் மேசைக்கு ஓடி வந்தார். கீழ்த்தள ஆட்கள் பயணிகள் நடமாடும் இடத்துக்குச் சீருடையோடு வரவே கூடாது. அந்த மனுஷர் விதி மீறுகிற ஆளே இல்லை.

"அக்கா, லைன் போயிடுச்சிக்கா. எப்போ வரும்?"

"ரெண்டு மணிக்கு. இன்னா ஆச்சி?"

அவர் போனை நீட்டினார். பவித்ராவின் குரல் மெசேஜ்கள் நான்கு. ஒவ்வொன்றாகப் போட்டார்.

முதலாவது, மூன்று நாள் பழசு. "அப்பா! சீட்டு வந்துடுச்சிப்பா! ஏத்துக்கறேன்னு அமுத்தணும், அதுக்கு ஓடிபி கேக்குது. உன் நம்பருக்குத்தான் வந்திருக்கும். பாத்து அனுப்புப்பா."

இரண்டாவது, மறுநாள். "அப்பா, இன்னா பண்ணிக்கினு இருக்க? ஆறு வாட்டி ஓடிபி அனுப்பிட்டேன்."

மூன்றாவதில் பேச்சே இல்லை. அழுகை மட்டும்.

நான்காவது அன்றைக்குக் காலையில் வந்தது. அழுது முடித்துவிட்ட குரல். "அப்பா, நான் கள்ளக்குறிச்சிக்கு வந்துட்டேன். உதவி மையத்துல கேட்டேன். நம்பரை மாத்தணும்னா நீ கையெழுத்துப் போட்ட லெட்டரும் ஆதார் காப்பியும் ஈமெயில்ல வரணுமாம். இன்னிக்கு அஞ்சு மணிதான் கடைசி. நான் இங்கியே குந்திக்கினு இருக்கறேன். அனுப்பிடு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "விண்ணப்பத்துல உங்க நம்பரை ஏன் குடுத்தீங்க? நீங்கதான் கடல்ல இருக்கறீங்களே!"

"வூட்டுல பத்து வருஷமா மாறாத நம்பர் அது ஒண்ணுதாங்க்கா. ரேஷன் கார்டு, பேங்க்கு, ஜாதி சான்றிதழ் அல்லாத்துக்கும் அதான். குடும்பத்தலைவர் நம்பர்னு கேட்டிருந்தாங்க. கௌரவமா அதையே போட்டுட்டோம்."

அந்தக் கௌரவமான நம்பர் ஒரு துரும்பு சிக்னல்கூட இல்லாமல் அவர் சட்டைப் பையில் கிடந்தது. வெளிநாட்டில் வேலை செய்கிற மாதிரி அந்தச் சிம்மை மாற்றலாம் என்றால், அதற்கும் ஓடிபி வேண்டும், அந்த ஓடிபி அதே சிம்முக்குத்தான் வரும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டின கதை.

"சரி, மூணு நாளா மெசேஜை ஏன் பாக்கல?"

அவர் தலை குனிந்தார். "கார்டு வெலை ஜாஸ்திங்க்கா. வாரத்துக்கு ஒரு வாட்டி, பத்து நிமிஷம்தான் தொறப்பேன். இன்னிக்குத்தான் என் மொறை. ஒண்ணொண்ணா கேட்டுக்கினு இருந்தேன், முடிக்கறதுக்குள்ள லைன் போயிடுச்சி. ஒம்பது மணியோட போயிடும்னு யாரும் சொல்லலியே."

அந்தக் கடைசி வார்த்தை என்னைச் சுட்டது. பலகையில் கொட்டை எழுத்தில் எழுதித்தான் இருந்தேன். ஆனால் பலகை மாட்டியிருந்தது பயணிகள் தளத்தில். கீழே சலவை அறை, சமையலறைப் பக்கம் ஒன்று மாட்ட வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. காசு அதிகம் கொடுப்பவனுக்கு எச்சரிக்கை, காசைப் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பவனுக்கு ஒன்றுமில்லை. பிள்ளைகளே, இந்தத் தப்புக்காக நான் என்னை இன்னும் மன்னித்துக்கொள்ளவில்லை.

கணக்குப் போட்டேன். இந்தியாவில் மாலை ஐந்து என்றால் கப்பலில் பிற்பகல் ஒன்றரை. சிக்னல் வருவது இரண்டுக்கு. அரை மணி நேரத்தில் ஒரு பெண்ணின் படிப்பு போகிறது.

நோட்டை எடுத்துப் புரட்டினேன். அந்த மலை இடுக்கின் கோடியில் ஒரு பெரிய அருவி உண்டு. அதற்கு முன்னால் கடல் அகன்று கிடக்கும். பயணிகள் எல்லோரும் பார்க்கட்டும் என்று கப்பல் அங்கே ஒரு முழுச் சுற்றுத் திரும்பும். போன இரண்டு தடவையும் அந்தத் திருப்பத்தில், தெற்குப் பக்கம் மலை பிளந்திருக்கிற இடத்தில், நான்கு நிமிடம் சிக்னல் வந்து போயிருந்தது. ஆனால் பக்கத்திலேயே என் கையெழுத்தில் இன்னொன்றும் இருந்தது: வந்தும் பிரயோஜனமில்லை. லைன் வந்த நொடியில் மூவாயிரம் போனும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். யாருக்கும் எதுவும் போகாது. ஊழியர்களின் லைனுக்கு வரிசையில் கடைசி இடம் வேறு. கம்பெனி ஈமெயிலில் போடலாம் என்றால், தலைமை அலுவலகத்தில் சோதித்து வெளியே விடுவதற்கே அரை நாள் ஆகும்.

கோவிந்தனைக் கடிதம் எழுதச் சொல்லிவிட்டு, ஓட்டல் பகுதி டைரக்டரிடம் போனேன். கப்பலில் பயணிகள் சம்பந்தப்பட்ட அத்தனைக்கும் அவர்தான் தலை. விஷயத்தைச் சொல்லி, அந்த நான்கு நிமிடம் பயணிகளின் லைனை நிறுத்தி வைக்க அனுமதி கேட்டேன்.

"காசு கொடுத்தவர்களுடைய லைனை வெட்டுவதா? முடியவே முடியாது" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது. கதவு வரைக்கும் வந்துவிட்டேன். அப்போது அந்த மலை பஸ் ஞாபகம் வந்தது. அந்தக் கண்டக்டர் யாருடைய போனையும் பிடுங்கவில்லையே! திரும்பி வந்தேன்.

"வெட்ட வேண்டாம். அவர்களிடமே கேட்டால்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "எதிர்பார்ப்பு எதுவும் வைத்துக்கொள்ளாதே. கேட்டுக்கொள். ஆனால் ஒரு பயணி புகார் எழுதினாலும் அடுத்த துறைமுகத்தில் நீ இறங்க வேண்டியிருக்கும்."

"சரி" என்றேன். சொல்லிவிட்டுப் படியேறும்போதுதான் ஊரில் நடக்கிற வீட்டு வேலை ஞாபகம் வந்தது. அப்போது நான் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குக் கூரைகூடப் போட்டிருக்கவில்லை.

பதினொன்றரைக்கு அருவி தெரிந்தது. மேல்தளம் முழுக்க ஜனம். மைக்கைப் பிடித்து அருவியின் உயரம், கதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்த பெண்ணிடம் போய்க் காதில் சொன்னேன். மறு பேச்சில்லாமல் மைக்கை என் கையில் திணித்தாள்.

பிள்ளைகளே, நான் மேடையில் பேசினவள் இல்லை. தேவாலயத்தில் வேதம் வாசிக்கச் சொன்னாலே பின் வரிசைக்கு நழுவிவிடுவேன். அன்றைக்கு வந்ததைப் பேசினேன்.

"நான் இன்டர்நெட் மேசைக்காரி. உங்களிடம் காசு வாங்கிக்கொண்டு காலையிலிருந்து ஒன்றும் தராமல் இருப்பவள்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெம்பாக இருந்தது.

"இன்னும் ஐந்து நிமிடத்தில் கப்பல் திரும்பும். நான்கு நிமிடம் சிக்னல் வரும். அது உங்களுடையது, காசு கொடுத்து வாங்கியது. அதை உங்களிடம் இரவல் கேட்கிறேன். உங்கள் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற ஒருவருடைய மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அவர் ஒரு கடிதம் அனுப்பினால்தான் அந்த இடம் அவளுக்கு நிற்கும். நேரம் இன்றோடு முடிகிறது. அந்த நான்கு நிமிடம் மட்டும் உங்கள் போனில் இன்டர்நெட்டை அணைத்துவிட்டு அருவியைப் பார்ப்பீர்களா? விருப்பமில்லாதவர்கள் அணைக்க வேண்டாம். அது உங்கள் உரிமை."

முன் வரிசையில் ஒரு தடித்த மனிதர் கையைத் தூக்கினார். போச்சு, புகார் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இதை எப்படி அணைப்பது? எனக்குத் தெரியாது, என் பேத்திதான் செய்து தருவாள்" என்றார்.

பக்கத்தில் இருந்தவர் வாங்கி அணைத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் தளம் முழுக்க ஒரே சலசலப்பு. ஒருவருக்கொருவர் அணைத்துக் கொடுத்துக்கொண்டார்கள். கீழ்த்தளங்களில் இருந்தவர்களும் ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறார்கள். நான் மைக்கைக் கொடுத்துவிட்டு ஐந்து மாடி இறங்கி ஓடினேன். லிஃப்டுக்கு நிற்கவில்லை.

மேசையில் கோவிந்தன் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தார். கடிதமும் ஆதாரும் படமெடுத்துச் சிறிதாக்கி ஈமெயிலில் வைத்தாயிற்று. அவருடைய சீருடைக்கு மேல் என் கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டிருந்தேன், யாராவது பார்த்தால் பயணி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று. அந்தச் சட்டையில் அவர் விருந்துக்கு வந்த மாமா மாதிரி இருந்தார்.

கப்பல் திரும்ப ஆரம்பித்தது. ஜன்னலில் மலை மெதுவாக நகர்ந்தது. சிவப்பு விளக்கு பச்சையானது.

"கோவிந்தன், நீங்களே அமுத்துங்க."

அழுத்தினார். கால்வாசி போனது. நின்றது. நகரவில்லை. ஒரு நிமிடம் போயிற்று.

"இன்னாக்கா, நின்னுடுச்சி?"

யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று காட்டுகிற திரையைப் பார்த்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. எப்போதும் முள்காடு மாதிரி நிற்கிற கோடுகள் எல்லாம் படுத்துக் கிடந்தன. அத்தனை பேரும் அணைத்திருந்தார்கள்! ஒரே ஒரு கோடு மட்டும் பனைமரம் மாதிரி நின்று மொத்த லைனையும் குடித்துக்கொண்டிருந்தது. யார் என்று பார்த்தேன். ஓட்டல் பகுதி டைரக்டரின் போன். அவருடைய வரிசை எல்லோருக்கும் முன்னால். விடுமுறைப் படங்கள் அத்தனையும் ஏறிக்கொண்டிருந்தன.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். பயணிகள் லைனை வெட்டாதே என்று அவர் சொன்னார். அதற்குக் கட்டுப்பட்டேன். தன் லைனைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. போன் பண்ணி அனுமதி கேட்க நேரமில்லை. கேட்டிருந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பார். ஆண்டவரே காப்பாற்றும் என்று ஒரே தட்டு. பனைமரம் சாய்ந்தது.

கடிதம் சர்ரென்று போனது. அனுப்பப்பட்டது என்று திரையில் வந்தது. அதைக் கோவிந்தன் வாய்விட்டுப் படித்து முடிப்பதற்குள் விளக்கு மறுபடி சிவப்பானது.

அதற்குப் பிறகு இருந்த இரண்டேகால் மணி நேரம் இருக்கிறதே, அது மாதிரி நேரம் எதிரிக்கும் வரக் கூடாது. கடிதம் போனது தெரியும். போய்ச் சேர்ந்ததா, அங்கே ஏற்றார்களா, ஒன்றும் தெரியாது. பயணிகள் ஒவ்வொருவராக மேசைக்கு வந்தார்கள். "போயிற்றா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள், பத்து நிமிடத்தில் திரும்ப வருவார்கள். தடித்த மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேவிட்டார். கோவிந்தன் வேலைக்குப் போய்விட்டார். மூட்டை மூட்டையாகத் துணி கிடந்தது, யாருக்காகவும் அது நிற்காது.

நடுவில் டைரக்டர் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என் போனை வெட்டியது யார்?"

"நான்தான்" என்றேன். "கப்பலில் அத்தனை பேரும் அணைத்திருந்தார்கள். உங்களுடையது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது."

சொன்ன பிறகுதான் மேசையைச் சுற்றிப் பயணிகள் நிற்பதைக் கவனித்தேன். அவரும் கவனித்தார். தடித்த மனிதர் நாற்காலியிலிருந்து நிமிர்ந்து, "எனக்கும் அணைக்கத் தெரியவில்லை, கவலைப்படாதீர்கள்" என்று ஆறுதல் சொன்னார். டைரக்டர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இரண்டு மணிக்குக் கோவிந்தனை மேலே வரவழைத்தேன். இந்த முறை சீருடையோடு, டைரக்டர் கண் முன்னாலேயே வந்தார். விளக்கு பச்சையானது. போன் ஒரு முறை நடுங்கியது. குரல் மெசேஜ். அவர் விரல் அழுத்த மாட்டேன் என்றது. நான்தான் அழுத்தினேன்.

"அப்பா! லெட்டர் வந்துடுச்சி! நம்பரை மாத்திட்டாங்க, நானே அமுத்திட்டேன், சீட்டு எனக்குத்தான்! நாலேகாலுக்கெல்லாம் முடிஞ்சிடுச்சிப்பா. இனிமே எதுக்கும் உன் நம்பரைத் தர மாட்டேன், ஆமா!"

தமிழ் அங்கே எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஆனால் அந்தக் குரலுக்கு மொழிபெயர்ப்பு யாருக்குத் தேவைப்பட்டது? கூட்டம் ஹோவென்று கத்தியது. கைதட்டினார்கள், மேசையைத் தட்டினார்கள், முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கோவிந்தன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், வெட்கமே இல்லாமல்.

பயணம் முடிந்து கருத்துத் தாள்கள் வந்தபோது என்னைப் பற்றி ஒரு புகார்கூட இல்லை. உங்கள் ஊழியர்கள் வீட்டோடு பேச ஏன் காசு வாங்குகிறீர்கள் என்று மட்டும் கட்டுக்கட்டாக எழுதியிருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குப் போனவர் அந்த டைரக்டரேதான். அடுத்த ஒப்பந்தத்திலிருந்து எங்கள் கப்பலில் ஊழியர்கள் வீட்டுக்கு எழுத்து மெசேஜ் அனுப்புவது இலவசம் ஆனது. கீழ்த்தளச் சாப்பாட்டு அறையில் இரண்டாவது பலகை மாட்டினேன். அது முதல் பலகையைவிடப் பெரிது.

இன்றைக்கு உங்களுக்கு நல்ல லைன் கிடைக்கிறது. விலையும் இறங்கியிருக்கிறது. ஆனாலும் ஒரு நாள் லைன் போகும், உங்கள் முன்னால் ஒருவர் ஓடி வந்து நிற்பார். அப்போது இருப்பவர்களிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். ஜனங்களிடம் பிடுங்கினால்தான் சண்டை. காரணத்தைச் சொல்லிக் கேட்டால் நீங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் கொடுப்பார்கள்.

பவித்ரா இப்போது டாக்டர். சங்கராபுரம் பக்கம் வேலை பார்க்கிறாள். சொன்ன சொல் தவறாதவள். ரேஷன் கார்டு, பேங்க், எல்லாவற்றையும் தன் நம்பருக்கு மாற்றிவிட்டாள். கோவிந்தன் இன்னும் கப்பலில்தான் இருக்கிறார். தன் சொந்தக் கணக்கிலிருந்து ஏதாவது அனுப்ப வேண்டுமென்றால் ஓடிபி மகளுக்குத்தான் போகும். அவள் ஏதாவது ஒரு கொட்டகையில் முழங்கை வரை கையை விட்டு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருப்பாள். போன வாரம் அவரிடமிருந்து எனக்கு மெசேஜ் வந்தது. "ரெண்டு மணி நேரமா ஓடிபிக்குக் குந்திக்கினு கீறேன்க்கா. காளைக் கன்னாம். தாயும் கன்னும் சொகம்."